ஆற்றைச் சொல்லித் தருகிறவர்களுக்கு ஒரு நாற்காலி

சங்கரன்கோவிலில் ஏதாவது ஒரு தெருக் குழாயடியில், குடத்தோடு நிற்கும் ஒரு சிறுமியிடம் கேட்டுப் பாருங்கள். "இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?" "டேங்குல இருந்து" என்பாள். "டேங்குக்கு எங்கேருந்து வருது?" என்றால், "பெரிய பைப்புல வருது" என்பாள். அவள் சொன்னதில் பிழை இல்லை. அந்தப் பெரிய குழாயின் மறுமுனை தாமிரபரணியில் இருக்கிறது என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நம் பக்கத்திலேயே ஓர் ஆறு இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருந்து இறங்கி, கரிவலம்வந்தநல்லூர் பால்வண்ணநாதர் கோயில் பக்கமாக வந்து, வைப்பாற்றோடு சேருகிற நிட்சேபநதி. வைப்பாறு கிழக்கே போய் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி இந்த ஆற்றில் மணலும் சீமைக்கருவேலமும்தான். பாலத்தைப் பேருந்தில் கடக்கிற பிள்ளைகளுக்கு அது வெறும் பள்ளம். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்து நாலு நாள் தண்ணீர் போனால் மட்டும், "ஏய், ஆத்துல தண்ணி வருது" என்று ஓடுவார்கள்.

அந்த நாலு நாளை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு ஆற்றைச் சொல்லித் தருகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வகுப்பு ஆசிரியர்கள், பள்ளிகளின் சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாளர்கள், மாலை நேரத் தன்னார்வலர்கள். அவர்களைப் பாராட்டத்தான் இந்த வாரப் பத்தி. ஆனால் பாராட்டு என்று சொன்னவுடன் மேடைக்கு யார் ஏறுகிறார்கள், யார் கீழேயே நின்றுவிடுகிறார்கள் என்பதையும் பேசியாக வேண்டும்.

பறவை எண்ணுகிற பிள்ளைகள்

முதலில், நடந்துகொண்டிருக்கும் ஒரு நல்ல காரியம். மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதி இயற்கை ஆர்வலர் அமைப்புகளோடு சேர்ந்து 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்தி வருகிறது. பொங்கலை ஒட்டிய நாட்களில் மாணவர்களும் ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் குழுக்களாகப் பிரிந்து, விடிகாலையில் குளத்துக் கரையில் நின்று எண்ணுகிறார்கள். கூழைக்கடா எத்தனை, மஞ்சள்மூக்கு நாரை எத்தனை, இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிற வரித்தலை வாத்து எத்தனை என்று தாளில் குறிக்கிறார்கள்.

பறவையை எண்ணப் போகிற பிள்ளை குளத்தையும் பார்த்துவிட்டுத்தான் வருகிறது. இந்தக் குளத்துக்குத் தண்ணீர் எந்தக் கால்வாயில் வருகிறது, மறுகால் பாய்ந்து எங்கே போகிறது, போன வருஷம் இருந்த பறவை இந்த வருஷம் ஏன் வரவில்லை என்று கேள்விகள் ஒன்றைத் தொட்டு ஒன்று வரும். பாடப்புத்தகத்தில் பத்து வரியில் முடிந்துபோன ஆறு, ஒரு காலைப் பொழுதில் உயிரோடு எழுந்து நிற்கும். இந்த வேலைக்குக் கூலி கிடையாது. சொந்தப் பெட்ரோலைப் போட்டு, சொந்த விடுமுறையைச் செலவழித்து வருகிறவர்கள்தான் அதிகம். ஊர் அவர்களை அறிந்து வாழ்த்த வேண்டும்.

அடுத்தது, நம் தெருவுக்குள்ளேயே இருக்கும் ஆள். 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிக்குள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரத் தன்னார்வலர்கள் வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. நாள் கணக்கில் பார்த்தால் முப்பத்துச் சொச்சம் ரூபாய். நம் குடியிருப்புகளில் முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்த பெண்கள் பலர், சமுதாயக்கூடத் திண்ணையிலோ, கோயில் முற்றத்திலோ, சொந்த வீட்டு வாசலிலோ பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். 'டீச்சர்' என்று கூப்பிடாமல் 'அக்கா' என்று கூப்பிடுகிற உரிமை பிள்ளைகளுக்கு இருந்தது. அந்த அக்காவிடம்தான், பள்ளிக்கூடத்தில் கேட்கத் தயங்கிய கேள்வியை ஒரு பிள்ளை கேட்கும்.

தாத்தாவுக்குத் தெரிந்த பாடம்

ஆற்றைப் பற்றிப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தருகிறோம்? தாமிரபரணி பொதிகை மலையில் பிறக்கிறது. ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடி, புன்னக்காயல் அருகே கடலில் கலக்கிறது. வழியில் சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு வந்து சேர்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். பழைய பெயர் பொருநை. அதன் கரைப்பகுதியில் உள்ள சிவகளையில், முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-ல் அறிவித்தார்கள்.

எல்லாம் சரி. மூவாயிரம் ஆண்டுகளாக இந்த ஆற்றங்கரையில் நெல் விளைந்திருக்கிறது என்றால், அந்த நெல்லுக்குத் தண்ணீரைக் கொண்டுபோனது யார்? அணை கட்டிய அரசனின் பெயர் கல்வெட்டில் இருக்கும். மண் சுமந்தவரின் பெயர்? நள்ளிரவில் மடை திறந்தவரின் பெயர்?

நீர்பாய்ச்சி, நீர்க்கட்டி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். தென்மாவட்டங்களின் பல ஊர்களில் இந்த வேலையைச் செய்தவர்கள் தலித்துகள். குளத்தில் எத்தனை நாளைக்குத் தண்ணீர் நிற்கும் என்று கரையில் நின்று பார்த்தே சொல்லிவிடுவார்கள். மேல்மடை வயலுக்கு எவ்வளவு நேரம், கடைமடைக்கு எவ்வளவு நேரம் என்ற கணக்கு அவர்கள் தலைக்குள் இருக்கும். பெருமழை இரவில் கரை உடையாமல் காக்க மண்வெட்டியோடு போகிறவர்களும், மடை அடைத்துக்கொண்டால் தண்ணீருக்குள் மூழ்கி அடைப்பை எடுக்கிறவர்களும் அவர்கள்தான். கூலி, அறுவடைக் களத்தில் அளந்து போடுகிற நெல். அவர் பாய்ச்சிய வயல்களில் அவருக்கு ஒரு குறுக்கம்கூடச் சொந்தமாக இருந்திருக்காது.

இன்று கால்வாய்ப் பாசனம் சுருங்கி, ஆழ்துளைக் கிணறு பெருகி, அந்த வேலையும் அருகிவிட்டது. தெரிந்தவர்கள் கிழவர்களாகித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆற்றுப் பாடம் நடக்கிற ஒரு வகுப்பில், பின்வரிசையில் இருந்து ஒரு பையன், "எங்க தாத்தாதான் மடை தொறப்பாக" என்று சொன்னால், அன்றைக்கு அந்தத் தாத்தாவை அழைத்து வந்து நாற்காலி போட்டு உட்காரவைக்கிற ஆசிரியர்தான் உண்மையில் நல்லாசிரியர். அந்தப் பையன் அதுவரை தாத்தாவின் வேலையைச் சொல்லக் கூச்சப்பட்டிருப்பான். அதன் பிறகு கூச்சப்பட மாட்டான்.

ஆற்றைச் சுத்தம் செய்கிறவர்களையும் இந்த வரிசையில் வைக்க வேண்டும். பாபநாசத்தில் பரிகாரம் என்று சொல்லி ஆற்றில் விட்டுப்போகிற துணிகள் மலையாகக் குவிகின்றன. ஈரத்தோடு கனத்துப்போன அந்தத் துணிகளை வெளியே இழுத்துப் போடுகிற கைகள் எந்தத் தெருவில் இருந்து வருகின்றன என்பது நமக்குத் தெரியும். முகாம் நடக்கிற அன்று கையுறை மாட்டிப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் பலர். மறுநாளும் அதே இடத்தில் நிற்பவர்கள் தூய்மைப் பணியாளர்கள். ஆற்றுக்கு என்ன கேடு நடக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல அவர்களைவிடத் தகுதியானவர் யார்?

விட்டுப்போன அத்தியாயம்

ஆற்றுப் பாடத்தில் இன்னோர் அத்தியாயம் விட்டுப்போகிறது. எந்தப் படித்துறையில் யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்று இருந்த வரலாறு. எங்கள் ஆச்சி இளவயதில் ஊர்க் கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நின்றிருக்கிறார். யாராவது மனம் வைத்து ஊற்றினால் தண்ணீர். இல்லாவிட்டால் ஓடையில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு வர வேண்டும். இதை அவர் அழுகையோடு சொன்னதில்லை. வெயில் அடித்தது, மழை பெய்தது என்பதுபோலச் சாதாரணமாகச் சொல்லுவார். அதுதான் கேட்பவருக்குக் கூடுதலாக வலிக்கும்.

பொதுச் சாலையும் பொதுக் கிணறும் குளமும் எல்லாருக்கும் பொது என்ற தீர்மானத்தை 1924-ல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். மராட்டியத்தில் மகாடு நகரின் சவுதார் குளத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டதாக நகராட்சி 1924-லேயே தீர்மானம் போட்டது. ஆனால் ஒரு தலித்தும் அதில் கைநனைக்க முடியவில்லை. ஆடு மாடு குடிக்கலாம், மனிதர் குடிக்கக் கூடாது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்துபோய் அந்தக் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார். பள்ளியில் படித்தபோது, பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர் என்ற நிலையில் தாகத்தோடு உட்கார்ந்திருந்த பிள்ளை அவர். மகாடு வழக்கு நீதிமன்றம் ஏறி, பம்பாய் உயர் நீதிமன்றத்தில் 1937-ல்தான் தீர்ந்தது. பிறகு அவர் தலைமையில் வரைவு கண்ட அரசமைப்புச் சட்டத்தின் 15-வது பிரிவு, கிணறு, குளம், குளிக்கும் துறை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, சாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. குளிக்கும் துறை என்ற சொல் அரசமைப்புச் சட்டத்தில் ஏன் இருக்கிறது என்று ஒரு மாணவர் கேட்டால், அதற்கான பதில் ஒரு முழு ஆற்றுப் பாடம்.

நம் ஆற்றில் நடந்ததையும் மறைக்க முடியாது. மணிமுத்தாறு அணைக்கு மேலே மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த மலை. அங்கே தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். கூலி உயர்வும், சிறையில் இருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி அவர்களும் ஆதரவாளர்களும் ஊர்வலமாகப் போனார்கள். ஆற்றங்கரையிலேயே இருக்கிற அலுவலகம் அது. போலீஸ் தடியடி நடத்தியது. தப்பிக்க மக்கள் ஆற்றில் இறங்கினார்கள். 17 பேர் செத்துப்போனார்கள். அவர்களில் பெண்கள் உண்டு. ஒரு கைக்குழந்தையும் உண்டு. ஆற்றின் தலைமாட்டில் உழைத்தவர்கள், அதே ஆற்றின் நடுவில் பிணமானார்கள். ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த 'நதியின் மரணம்' ஆவணப்படம் அந்த நாளின் சாட்சியாக இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 23-ல் ஆற்றில் மலர் தூவுகிறார்கள். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தப் பூ எதற்கென்று தெரியாது.

சின்னப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வயதுக்குத் தக்கபடி சொல்லலாம். ஐந்தாம் வகுப்புக்கு, 'எல்லாரும் இறங்க முடியாத படித்துறைகள் இருந்தன. சட்டம் போட்டு அதை மாற்றினோம்' என்ற அளவில் போதும். ஒன்பதாம் வகுப்புக்கு மகாடையும் மாஞ்சோலையையும் தேதியோடு சொல்லலாம். சொல்லாமல் விட்டால் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடாது. வீட்டில் வேறு விதமாகத் தெரிந்துகொள்வார்கள். ஒரு தெருப் பிள்ளை பயத்தோடும், இன்னொரு தெருப் பிள்ளை இளக்காரத்தோடும்.

பழைய கதை என்று ஒதுக்கவும் வழியில்லை. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது 2022 டிசம்பரில் வெளியே வந்தது. பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போன பிறகுதான் தண்ணீரையே சந்தேகப்பட்டார்கள். 'டேங்குல இருந்து வருது' என்று சொல்கிற நம் சிறுமியின் பதில் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்போதுதான் புரிந்தது. தலித், பழங்குடி மக்கள் பயன்படுத்தும் தண்ணீரை அசுத்தப்படுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இந்தச் சட்டமும் தண்ணீர்ப் பாடத்தில் சேர்த்திதான்.

யாருக்கு விருது, எங்கே நாற்காலி

விருதுகள் இல்லாமல் இல்லை. செப்டம்பர் 5-ல் ஆசிரியர்களுக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது தருகிறார்கள். சுற்றுச்சூழலுக்கு உழைப்பவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாயோடு பசுமை முதன்மையாளர் விருது தருகிறார்கள். நல்லவைதான். ஆனால் விருது என்றால் விண்ணப்பம் வேண்டும், படம் வேண்டும், பத்திரிகைச் செய்தி நறுக்கு வேண்டும். காலனித் திண்ணையில் பாடம் சொல்லித்தந்த அக்காவிடம் இவை எதுவும் இருக்காது. மடை திறந்த தாத்தாவுக்கு விண்ணப்பம் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. அவர்களைத் தேடிப் போய் அழைப்பது ஊராட்சியின் பொறுப்பு.

அதற்கு ஒரு வழி கையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். அவற்றில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். மகாடு நாளான மார்ச் 20-க்கும் அதற்கும் இடையே இரண்டே நாள்தான். இந்த இரண்டு நாட்களையும் சேர்த்துப் பிடித்து, ஒவ்வோர் ஊராட்சியும் மூன்று பேரை அழைக்கட்டும். பிள்ளைகளுக்கு ஆற்றையும் குளத்தையும் சொல்லித் தருகிற ஓர் ஆசிரியர் அல்லது தன்னார்வலர். மடை அறிந்த ஒரு பெரியவர். ஒரு தூய்மைப் பணியாளர். சபையில் முன்வரிசையில் மூன்று நாற்காலி. பொன்னாடை இருந்தால் போர்த்தலாம், இல்லாவிட்டாலும் குற்றமில்லை. அவர்கள் பெயரையும் செய்த வேலையையும் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். அதுதான் முக்கியம்.

நாற்காலியை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று நம் மாவட்ட வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் ஊராட்சித் தலைவர்களே தரையில் உட்காரவைக்கப்பட்ட செய்திகளைத் தமிழ்நாட்டில் படித்திருக்கிறோம். அதே சபையில் ஒரு நீர்க்கட்டித் தாத்தா நாற்காலியில் உட்கார்ந்து, குளத்தின் கணக்கைச் சொல்ல, எல்லாத் தெருப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டால், அன்றைக்கு அந்த ஊரில் ஏதோ ஒன்று நகர்ந்திருக்கிறது என்று பொருள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை

இதைப் படிக்கிற மாணவர்கள் மார்ச் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்க் குளத்துக்குத் தண்ணீர் எந்த ஓடையில் வருகிறது? அதன் மடைகளின் பெயர்கள் என்ன? கடைசியாக மறுகால் பாய்ந்தது எந்த வருஷம்? மடை திறந்தவர் யார், அவருக்கு என்ன கூலி கொடுத்தார்கள்? உங்கள் ஆச்சி சிறுவயதில் எங்கே தண்ணீர் எடுத்தார், யார் தடுத்தார்கள்? இந்த ஐந்து கேள்விக்கும் பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. உங்கள் தெருத் திண்ணைகளில் இருக்கிறது. கேட்டு, சொன்னவர் பெயரோடும் தேதியோடும் எழுதி வையுங்கள். நிட்சேபநதிக் கரைக்கோ குளக்கரைக்கோ போவதென்றால் பெரியவர் ஒருவரோடு போங்கள். மணல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாது. ஆழம் தெரியாமல் இறங்க வேண்டாம்.

எழுதிய நோட்டை அக்காவிடமோ ஆசிரியரிடமோ காட்டுங்கள். வருகிற மார்ச் 22 அன்று கிராம சபைக்கு அதைக் கொண்டுபோங்கள். பதினெட்டு வயது ஆகாவிட்டாலும் பக்கத்தில் நின்று பார்க்க யாரும் தடை சொல்ல மாட்டார்கள். கூட்டம் முடிந்ததும் ஒன்றை மட்டும் விசாரித்துவிட்டு வாருங்கள்: தீர்மானப் புத்தகத்தில் உங்கள் தாத்தாவின் பெயரை எழுதினார்களா?